கோறைச் சுவருக்கு எது மருந்து?

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கிட்ட உள்ள ஒரு பழைய வீட்டுக்கு மேசனைக் கூப்பிட்டால், அவர் முதலில் கரண்டியை எடுக்கமாட்டார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். விரல் மொழியால் தட்டிக்கொண்டே நடப்பார். இறுகிய இடத்தில் சத்தம் சுருக்கமாக வரும். ஓரிடத்தில் மட்டும் வெறும் பெட்டியைத் தட்டியதுபோலக் கேட்கும். “இது கோறை. உடைச்சுப் பூச வேணும்” என்பார். அரை மணித்தியாலத்தில் அந்தத் துண்டு நிலத்தில் கிடக்கும். பின்னேரத்துக்குள் புதுப் பூச்சு ஏறிவிடும்.

சிகிரியாவில், தம்புள்ளையில், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் வேலை செய்யும் ஓவியப் பாதுகாப்பாளரும் இப்படித்தான் தொடங்குகிறார். அவரும் விரலால் தட்டுகிறார். அவருக்கும் அதே கோறைச் சத்தம் கேட்கிறது. வேறுபாடு அடுத்த அடியில்தான் வருகிறது. அவரால் உடைக்க முடியாது. கோறையான பூச்சின் முகத்தில்தான் ஓவியம் இருக்கிறது. பூச்சு போனால் ஓவியமும் போகும். ஆகவே உடைக்காமல், முகத்தைத் தொடாமல், பின்னால் இருக்கும் வெற்றிடத்தை நிரப்பிப் பூச்சைச் சுவரோடு மறுபடி சேர்க்கவேண்டும். எதை வைத்து நிரப்புவது என்பதே இந்தச் சொற்பொழிவின் கேள்வி. கேட்கச் சின்னக் கேள்வி. உலகத்தின் நல்ல சுவரோவியங்கள் பல, இதற்குக் கொடுத்த பிழையான பதிலால் கெட்டிருக்கின்றன.

பூச்சு ஏன் கழலுகிறது? சுவரோவியத்தின் பூச்சு ஒரே படையாக இருப்பது அரிது. சிகிரியாவில் பாறைமேல் முதலில் களிமண். அதில் உமியும் நாரும் கலந்திருக்கும். அதற்குமேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த படை. அதற்கும்மேல் மெல்லிய மெருகு. நிறம் அந்த மெருகின்மேல். அஜந்தாவிலும் மண், உமி, நார்தான் அடிப்படை. எல்லோராவின் மண்பூச்சில் கஞ்சாச் செடியின் நார் கலந்திருப்பதை 2016இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு காட்டியது; பூச்சி அரிக்காமல் அது காத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்தப் படைகள் ஒவ்வொன்றும் ஈரத்தை வேறுவேறு அளவில் குடிக்கின்றன, வேறுவேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. நூற்றாண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டால் எங்கோ ஓர் இடத்தில் பிடி விடும். முதலில் தாள் கனத்துக்கு ஒரு பிளவு. அதற்குள் தூசி விழும், பூச்சி புகும், நீர் இறங்கும். பிளவு வளர்ந்து பூச்சு வயிறு தள்ளி நிற்கும்.

கொழும்பில் இதற்கு மேலதிகமாக ஒரு காரணம் உண்டு: உப்பு. கடலிலிருந்து வரும் காற்று சுவருக்குள் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் நாம் சமையலில் போடும் அதே உப்புத்தான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கொழும்பின் ஈரப்பதம் இந்தக் கோட்டுக்கு இருபுறமும் ஊசலாடுவது வழக்கம். விடியற்காலையில் கோட்டுக்கு மேலே, வெயில் ஏறிய மதியத்தில் கீழே. படிகமாகும் ஒவ்வொரு முறையும் உப்பு, பூச்சின் நுண்துளைகளை உள்ளிருந்து நெம்புகிறது. வெள்ளவத்தை வீட்டுச் சுவரில் வெள்ளையாகப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்வது இந்த வேலையின் மிச்சம்தான். கடற்கரை ஊர்களில் பூச்சைக் காப்பாற்ற வருகிறவர் உப்பை மறந்துவிட்டுச் சாந்தைப் பற்றிப் பேசமுடியாது.

மேசன் சொல்லும் மருந்து சீமெந்து. அதுவே பலருக்கும் முதலில் தோன்றும். இறுகும், பிடிக்கும், ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். அந்தப் பையிலேயே அதன் குறையும் அச்சாகி இருக்கிறது. இலங்கையில் சாதாரணமாக விற்கும் போட்லண்ட் சீமெந்தின் வலு வகுப்பு 42.5. அதாவது, நியமச் சோதனையில் 28 நாளில் சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 42.5 நியூற்றன் அழுத்தத்தை அது தாங்கவேண்டும். பழைய கட்டடங்களுக்கென ஐரோப்பாவில் விற்கும், நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பில் மெல்லிய வகைக்கு அதே சோதனையில் கேட்கப்படும் எண் வெறும் 2. பழைய மண்பூச்சுகளோ அதைவிடவும் மெத்தென்றவை. மெத்தென்ற பூச்சுக்குப் பின்னால் கல்லாய் இறுகிய ஒரு கட்டியை வைத்தால், சுவர் அசையும்போது விட்டுக்கொடுப்பது எது? கட்டி விட்டுக்கொடுக்காது. ஓவியம் இருக்கும் பூச்சுத்தான் வெடிக்கும்.

அதோடு முடியவில்லை. சீமெந்து கரையக்கூடிய காரச் சல்பேற்று உப்புகளையும் தன்னோடு கொண்டுவருகிறது. ஈரத்தை இலகுவில் வெளியே விடாது. சுவருக்குள் இருக்கும் நீர் சீமெந்தைச் சுற்றிக்கொண்டு, வழி கிடைக்கும் இடத்தால், அதாவது ஓவியத்தின் முகத்தால் வெளியேறும். போகும்போது உப்பை அங்கேயே விட்டுப்போகும். சீமெந்தால் ‘பலப்படுத்திய’ இடத்தைச் சுற்றி ஒரு வளையமாக ஓவியம் உதிர்வது இதனால்தான். பழைய பூச்சைவிட வலுவான எதையும் அதன் பின்னால் வைக்கக்கூடாது என்ற விதி இப்படிப் பல இடங்களில் பட்டுத் தெளிந்தது.

அப்படியானால் சுண்ணாம்பு போதுமே என்று யாழ்ப்பாணத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடாநாடே சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கிறது. கடற்கரையில் முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டியும் சேர்த்து அரைத்த சாந்தால் கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பார்கள். அந்தச் சாந்து சுவரின் முகத்தில் நூறு வருடம் நின்றது உண்மை. ஆனால் சுவரின் முகத்தில் நின்றது சுவரின் வயிற்றுக்குள் நிற்காது.

காரணம் எளிது. நீற்றிய சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் குடித்துத்தான். அந்த வாயு சேர்ந்தால்தான் அது மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறும். பூச்சுக்குப் பின்னால் மூடுண்ட வெற்றிடத்தில் காற்றோட்டம் ஏது? அங்கே செலுத்திய சுண்ணாம்பு மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நீர் வற்றும்போது சுருங்கி வெடிக்கும். பிடிக்கவேண்டிய இரு முகங்களில் ஒன்றிலிருந்து கழன்று நிற்கும். முன்பு வெறும் கோறை. இப்போது கட்டியுள்ள கோறை.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி ரோமர்களுக்குத் தெரிந்திருந்தது. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்தால் காற்று இல்லாமல், நீருக்கடியில்கூட இறுகும். நேப்பிள்ஸுக்கு அருகே உள்ள பொட்சுவோலி என்ற ஊரின் பெயரால் அந்தச் சாம்பலைப் பொசோலானா என்கிறார்கள். எரிமலை இல்லாத நம் நாடுகளில் அதே வேலையைச் செய்தது செங்கல் தூள். அளவான சூட்டில் வெந்த களிமண்ணின் தூள் சுண்ணாம்போடு நீரில் வினைபுரியும். தமிழ்நாட்டுக் கொத்தனார் ‘சுர்க்கி’ என்று சொன்னது இதைத்தான். கடும் சூட்டில் வெந்து கறுத்த செங்கலின் தூளில் அந்தக் குணம் இராது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நிறத்தைப் பார்த்துச் செங்கல் தூள் வாங்கினால் ஏமாற்றம்தான்.

இந்தப் பழைய அறிவை ஊசிக்குள் அடக்கியது ரோம் நகரில் உள்ள இக்ரோம் என்ற பன்னாட்டுப் பாதுகாப்பு நிலையம். அங்கே பணியாற்றிய வேதியியலாளர் ஜோர்ஜியோ டொராக்கா, சுவரோவிய வல்லுநர் பாவோலோ மோரா முதலியோர் சேர்ந்து சுவரோவியங்களுக்கும் மொசைக் சித்திரங்களுக்கும் ஏற்ற கிரவுட் ஒன்றை, அதாவது ஊசியால் செலுத்தும் சாந்து ஒன்றை உருவாக்கி, 1984இல் பாரிஸ் மாநாட்டில் வெளியிட்டார்கள். நீரில் இறுகும் சுண்ணாம்பு, அரைத்த செங்கல், சாந்து குறைந்த நீரில் ஓட உதவும் சோடியம் குளுக்கொனேற்று, சிறிதளவு அக்ரிலிக் பால்மம். கட்டடப் பொறியியலாளர் பயன்படுத்தும் கிரவுட் போன்றதுதான் இது. ஆனால் வலுவைக் கூட்டுவதற்குப் பதிலாக வேண்டுமென்றே குறைத்தார்கள். இன்று ஐரோப்பாவில் தயார்ப் பொடியாக விற்கும் ஊசிச்சாந்துகள் பலவற்றுக்கு இந்தச் சிந்தனையே வேர்.

நல்ல ஊசிச்சாந்திடம் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று பகையான குணங்கள். கஞ்சிபோல ஓடவேண்டும், ஆனால் நீர் தனியே பிரியக்கூடாது. ஊசியின் கண்ணுக்குள் போகவேண்டும். ஆனால் காய்ந்தபின் சுருங்கக்கூடாது. பிடிக்கவேண்டும், ஆனால் பூச்சைவிட இறுகக்கூடாது. ஈரமும் ஆவியும் அதனூடே போகவேண்டும். உப்பைக் கொண்டுவரக்கூடாது. கனமாகவும் இருக்கக்கூடாது. அமெரிக்காவின் கெற்றி பாதுகாப்பு நிறுவனம் இவற்றை ஆய்வுகூடத்திலும் வேலைத்தலத்திலும் சோதிக்கும் முறைகளைக் கைநூலாகவே வெளியிட்டது. எந்தச் சாந்தும் எல்லாவற்றிலும் முழுப் புள்ளி எடுப்பதில்லை. எந்தக் குணத்தை விட்டுக்கொடுப்பது என்பதைச் சுவர்தான் தீர்மானிக்கவேண்டும். கடையில் கிடைக்கும் பொருள் தீர்மானிக்கக்கூடாது.

கனம் என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தம்புள்ளையின் ஐந்து குகைகளிலும் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி தலைக்கு மேலே, பாறையின் வளைவோடு துணிபோலப் படிந்து செல்லும் கூரையில். நிலைக்குத்துச் சுவரில் ஊற்றும் சாந்து தன் பாரத்தைக் கீழே இறக்கும். கூரையில் ஊற்றினால் அதன் முழுப்பாரமும் ஏற்கெனவே பிடி தளர்ந்த பூச்சின்மேல் தொங்கும். அங்கே தவறான சாந்து ஒரே இரவில் ஓவியத்தை நிலத்தில் கிடத்திவிடும்.

சீனாவின் துன்ஹுவாங்கில் மொகாவ் குகைகளின் 85ஆம் எண் குகையில் வேலை செய்தவர்களுக்கும் இதுவே கவலை. துன்ஹுவாங் கழகமும் கெற்றி நிறுவனமும் 1997இல் அங்கே தொடங்கிய பணி பல வருடங்கள் நீடித்தது. ஓவியங்கள் மண்பூச்சின்மேல் இருந்ததால் சுண்ணாம்பையே அவர்கள் ஒதுக்கினார்கள். உள்ளூர் ஆற்றுப்படுகை மண், நுரைக்கல், உள்ளீடற்ற நுண்கண்ணாடி உருண்டைகள், முட்டை வெள்ளைக்கரு: இவைதான் அவர்கள் கண்ட சாந்து. மண்ணுக்கு மண், பாரத்தைக் குறைக்கக் கண்ணாடி உருண்டையும் நுரைக்கல்லும். அதற்குப் பின்னும் சோதனை முடியவில்லை. சாந்திலிருந்த நீர் சுவருக்குள் கிடந்த உப்பைக் கரைத்து ஓவியத்தின் முகத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே சாந்து செலுத்திய இடத்தில் நீரை உறிஞ்சும் பட்டைகளை வைத்து அழுத்தி, நீரோடு உப்பையும் வெளியே எடுத்தார்கள். சாந்து செலுத்துவதும் உப்பு எடுப்பதும் ஒரே சிகிச்சையின் இரு பாதிகள் என்று அங்கே தெளிவாயிற்று. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் பாலைவனத் துன்ஹுவாங்கிலிருந்து இதைவிடப் பயனுள்ள பாடம் வராது.

எகிப்தில் அரசி நெஃபெர்த்தாரியின் கல்லறையில் நிலைமை இன்னும் மோசம். 1904இல் கண்டெடுத்த நாளிலேயே பூச்சு கழன்றுகொண்டிருந்தது. உப்புப் படிகங்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தன. 1986 முதல் 1992 வரை நடந்த பணியில் பாவோலோ மோராவும் லாரா மோராவும் தலைமை தாங்கினார்கள். சாந்தைத் தொடுவதற்கு முன்பே, விழப்போகும் துண்டுகளைப் பிடித்துவைக்க 10,000க்கு மேற்பட்ட யப்பானியத் தாள் பட்டிகளை ஒட்டினார்கள். பிறகு உள்ளூர் மணலும் ஜிப்சமும் கலந்த சாந்தால் பூச்சைச் சரிசெய்தார்கள். பழைய எகிப்தியரின் பூச்சும் ஜிப்சம் கலந்ததே. இனத்தோடு இனம் சேர்க்கும் அதே முறை.

செய்முறை பார்ப்பதற்கு மருத்துவமனை வேலைபோல இருக்கும். தட்டிப் பார்த்துக் கோறையின் எல்லையை வரைபடத்தில் குறிப்பார்கள். ஆடும் இடத்தின் முகத்தில் மெல்லிய தாளை ஒட்டிக் காப்பார்கள். ஊசி நுழைய ஏற்கெனவே உள்ள வெடிப்பையோ நிறம் போன இடத்தையோ தேடுவார்கள். உருவத்தின்மேல் துளையிடுவது கடைசி வழி. உள்ளே கிடக்கும் தூசியை உறிஞ்சி எடுத்து, நீரும் மதுசாரமும் கலந்து செலுத்தி உட்புறத்தை நனைப்பார்கள். நனைக்காவிட்டால் பழைய பூச்சு சாந்தின் நீரைக் குடித்துவிடும். சாந்து பாதி வழியில் நின்றுவிடும். பிறகு கீழிருந்து மேலாக, சிறிஞ்ச் சிறிஞ்சாக. பஞ்சு வைத்த பலகையால் மெதுவாகத் தாங்கிப் பிடிப்பார்கள். ஒரு சதுர மீற்றருக்கு நாள்கள் செல்லும். வேலை முடிந்ததும் மறுபடி விரலால் தட்டிக் கேட்பார்கள்.

ஒட்டுப்பசையால் இதைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தவர்களும் உண்டு. தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையும், பாலிலிருந்து எடுக்கும் கேசீனைச் சுண்ணாம்போடு கலந்த பசையும் இத்தாலியில் நெடுங்காலம் ஊசியில் போனவை. ஈரமான கொழும்புக் காற்றில் கேசீன் பூஞ்சணத்துக்கு உணவு. வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். அஜந்தாவில் ஐதராபாத் நிஸாமின் அழைப்பில் 1920க்கும் 1922க்கும் இடையே வேலை செய்த இத்தாலியர் லொரென்ஸோ செக்கோனி பூசிய அரக்கு வார்னிஷ், அன்று உதிர்ந்துகொண்டிருந்த நிறத்தைப் பிடித்தது. அடுத்த பத்தாண்டுகளில் மஞ்சளாகிக் கறுத்தது. அதை நீக்குவதே பின்வந்த இந்திய வேதியியலாளருக்குத் தலைமுறை வேலையாயிற்று. செக்கோனி அக்கறையற்றவர் அல்லர். தன் காலத்தின் நல்ல பொருளையே பயன்படுத்தினார். அவருக்குக் கிடைக்காதது, அந்தப் பொருள் அந்தக் குகையில் 30 வருடத்தில் என்ன ஆகும் என்ற தகவல்.

இந்தத் தகவலைச் சேர்க்கும் வேலையில் தமிழர் பங்கு பெரிது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் தஞ்சைச் சோழ ஓவியங்களின் பூச்சையும் நிறத்தையும் ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்தார். பழுதுபார்க்கு முன் பூச்சு எதனால் ஆனது என்று கேட்கும் பழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றியது அவரைப் போன்றவர்களால். அந்தச் சோழ ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார்; மேலே நாயக்கர் காலத்து ஓவியம் மூடியிருந்தது. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையினர் மேல்படையை அழிக்காமல் தனியே பிரித்தெடுத்து ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஏற்றினார்கள். சேர்ப்பதற்கு எதிரான வேலைதான். ஆனால் எந்தப் படை எதை எவ்வளவு பிடிக்கிறது என்ற அறிவு இரண்டுக்கும் ஒன்றே.

இலங்கையில் இந்தப் பாடம் ஓர் அடியோடு வந்தது. 1967 ஒக்ரோபரில் சிகிரியா ஓவியக் குடைவுக்குள் யாரோ புகுந்து உருவங்கள்மேல் வண்ணப்பூச்சை அப்பினார்கள். சில இடங்களில் பூச்சையே கொத்தினார்கள். கி.பி. 5ஆம் நூற்றாண்டுக் காசியப்பன் காலத்து ஓவியங்கள். ரோமிலிருந்து ஓவியப் பாதுகாப்பாளர் லூசியானோ மறான்ஸி வந்தார். அந்த ஆண்டு தொல்லியல் ஆணையாளராகப் பொறுப்பேற்ற ராஜா டி சில்வா தாமே வேதியியலாளர். அப்பிய வண்ணத்தை நீக்கி ஓவியங்களை மீட்டார்கள். கொத்திப்போன பூச்சு திரும்பவில்லை. நிறத்தில் பட்ட அழுக்கைக் கரைப்பானால் எடுக்கலாம். பூச்சு விழுந்தால் எந்தக் கரைப்பானும் இல்லை. சிகிரியாவுக்குச் சுற்றுலாப் போகும் கொழும்புப் பிள்ளைகளுக்கு அந்த மெல்லிய படையின் கதையையும் சொன்னால் நல்லது.

கொழும்பிலும் அதன் அயலிலும் காக்கவேண்டிய சுவர்கள் உண்டு. பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939, 1940ஆம் ஆண்டுகளில் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. களனி விகாரையில் சோலியஸ் மெண்டிஸ் வரைந்தவை இருக்கின்றன. இரண்டும் கடற்காற்றும் வாகனப் புகையும் சேரும் சூழலில் நிற்கின்றன. கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த சிவன் கோயிலுக்கு இந்தப் பூச்சுக் கவலை குறைவு. ஆனால் சுண்ணாம்புப் பூச்சுடைய மற்றப் பழைய கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் அது நிறைய உண்டு.

நம் கோயில்களில் 12 வருடத்துக்கு ஒருமுறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் செய்வது வழக்கம். பக்தியோடு செய்யும் அந்த வேலையில்தான் பழைய சுவர்கள் அதிகம் போகின்றன. கோறை கேட்டதும் கொத்துகிறார்கள். கொத்தியதும் சீமெந்து பூசுகிறார்கள். மேலே எனாமல் அடிக்கிறார்கள். சுவர் மூச்சுவிட வழி இல்லாமல் அடுத்த மழைக்குப் பூக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் மறுபடி கொத்து. அந்தப் பூச்சில் பழைய நிறமோ கோலமோ எழுத்தோ இருந்திருந்தால் அது குப்பை வண்டியில் போய்விட்டிருக்கும்.

திருப்பணிச் சபைகளுக்கும் பழைய வீட்டுக்காரருக்கும் இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். கோறை கேட்ட இடத்தைக் கொத்துவதற்கு முன் பென்சிலால் குறித்துப் படம் எடுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள். ஒழுகும் கூரையையும் அடைபட்ட பீலியையும் சரிசெய்யாமல் சுவருக்கு வைக்கும் எந்தச் சாந்தும் வீண். மேல் வெள்ளையைச் சுரண்டும்போது நிறம் தெரிந்தால் வேலையை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஒப்பந்தம் எழுதும்போது ‘சீமெந்து’ என்ற சொல்லை எடுத்துவிட்டுச் ‘சுண்ணாம்பு’ என்று எழுதுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசனைத் தேடிப் பிடியுங்கள், அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். அப்படியான கைகள் கொழும்பில் இன்னும் சில இருக்கின்றன.